ஞாயிறு மாலைக்கு ஓர் இடம்

கயிற்றுக்கு முன்னால் நின்று சித்தப்பா வாயைத் திறந்து ஊதுவார். கயிற்றின் மறுபுறம் நிற்கும் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் முகத்தைச் சற்றுச் சாய்த்து, கண்களை மூடி, அந்த மூச்சை வாங்கிக்கொள்வார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு போர்மேன் கயிற்றைக் காலால் மிதித்துத் தாழ்த்துவார். சித்தப்பா தாண்டி உள்ளே போவார். அவர் தோளில் உட்கார்ந்திருக்கும் தங்கை, விழுந்துவிடாமலிருக்க அவருடைய தலைமுடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்வாள். இது நடந்து முடியும்வரை சித்தி அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். கையிலுள்ள தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறப்பாள், மீண்டும் மூடுவாள், மீண்டும் திறப்பாள். சித்தப்பா உள்ளே வந்துவிட்டார் என்பதைத் தங்கையின் குரல் சொன்ன பிறகே அந்தக் கை ஓயும். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் அச்சங்குளத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கம்பெனி, புதுச் சரக்கு செய்து ஆர்டர் பிடிக்கும் மாதங்களில், தையிலிருந்து ஆடிவரை, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வான வெடிகளை விட்டுப் பார்க்கும். ஞாயிறு என்றால் வேலையறைகளில் மருந்து இருக்காது, ஆளும் இருக்காது. கம்பெனிக்கு எதிரே தரிசாகக் கிடந்த கரிசல் காட்டில் குழாய்களை நட்டு, வெளியூர் வியாபாரிகளுக்கு நாற்காலி போட்டு, இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மேலே அனுப்புவார்கள். ‘சாம்பிள் விடுறாக’ என்று ஊரில் சொல்வோம். அதைப் பார்க்க முதலில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஓடினார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தாய்மார்கள் போனார்கள். பிறகு சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக, சுண்டலும் முறுக்குமாக வந்து உட்காரத் தொடங்கினார்கள். விரட்டிப் பார்த்து அலுத்துப்போன கம்பெனி கடைசியில் ஒரு கயிற்றைக் கட்டியது; கயிற்றுக்கு ஒரே ஒரு வாசல் விட்டது; வாசலில் போர்மேனை நிறுத்தியது. பீடி, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் உள்ளே வரக் கூடாது. குடித்தவன் வரக் கூடாது. போதையில் ஒருவன் குழாய்களுக்கு நடுவே ஓடினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

போர்மேன் சிரிக்காதவர். ஆனால் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே சிலர் வாசலருகே நின்றுகொண்டிருப்பார்கள்.

“என்ன மாப்ள, ஊதுங்க.”

“காலைலருந்து பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

“தண்ணியிலதான் எத்தன வகை இருக்கு. ஊதுங்க.”

வாய் நாற்றத்தை மறைக்க ஏலக்காய் மென்றுகொண்டு வருபவர்களை அவர் ஊதச் சொல்வதுகூட இல்லை. “ஏலக்காய் மணந்தா விசாரணையே கெடையாது, அங்கிட்டுப் போங்க. சுத்தமா இருக்கவன் எதுக்குய்யா ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏலக்காய் திங்கான்?” என்பார். ஒரு முறை ஒரு பெண், “சளி மருந்து குடிச்சிருக்காக அண்ணாச்சி, அந்த வாடைதான்” என்று தன் கணவனுக்காகக் கெஞ்சினாள். “சளி பிடிச்சவுக பனியில உக்காரக் கூடாது தாயி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் போர்மேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்ததுபோலத்தான் இருந்தது. பிறகு அவள் பிள்ளைகளை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுக் கணவனோடு திரும்பி நடந்தாள்.

நான் சித்தியின் குடும்பத்தோடு அங்கே போனதற்குக் காரணம் எளியது. அம்மா விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். ஞாயிறு பெரும்பாலும் பணி இருக்கும். அப்பா சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். ஞாயிறுதான் அங்கே வியாபாரம். ஆகவே வாரத்தில் அந்த ஒரு நாள் நான் அம்மாவின் தங்கையான சித்தியின் வீட்டுப் பிள்ளை. சித்தி வேறொரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை பார்த்தாள். சித்தப்பா திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். அவர்களுடைய ஒரே மகளைத்தான் தங்கை என்கிறேன்.

சித்தப்பா வாரம் முழுக்கக் குடிக்கமாட்டார். மெஷினுக்குள் கை போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. சனிக்கிழமை சம்பளம் வரும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் ஆண்கள் நாற்கர சாலையோரத்து மதுக்கடைக்கு வண்டியைத் திருப்புவார்கள். சாம்பிள் விடாத ஞாயிறுகளில் சித்தப்பாவும் போவார். அன்றிரவு அவர் யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். தங்கை அவர் முதுகில் ஏறினால், ஒரு சாக்கை இறக்கி வைப்பதுபோல அவளை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். சாம்பிள் விடும் ஞாயிறுகளில் மட்டும், மாலையில் கயிற்றைத் தாண்டவேண்டும் என்பதால், பகல் முழுவதும் அவர் குடிக்காமல் இருந்தார். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது தங்கை தோளில் தூங்கியிருப்பாள். அவளை இறக்கிவிட்டு வெளியே கிளம்ப அவருக்கு மனம் வராது. ஆடிக்குப் பிறகு சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிறும் வேலை, கவலை இல்லை. அவர் கெட்டுப்போக வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த நாளைச் சித்தி காவல் காத்தாள். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. பாட்டில் மூடியைத் திருகும் அந்தக் கையை நினைத்துப்பார்த்து, பின்னாளில் நானாகப் புரிந்துகொண்டது.

கயிற்றுக்கு உள்ளே இருந்த சித்தப்பா வேறு மனிதர். அண்ணாந்து படுத்துக்கொண்டு, வெடிக்கும் ஒவ்வொன்றையும் அச்சகத்துக் கண்ணால் பார்ப்பார். “மெஜந்தா கூடிப்போச்சு பாரு” என்பார்.

“ஆகாசத்துல என்ன காலண்டரா அடிக்காக? சும்மா பாருங்க” என்பாள் சித்தி.

“இம்புட்டு மெஜந்தா ஏத்துனா ரெண்டாவது ஷீட்லயே மொதலாளி கூப்புட்டு வைவாரு புள்ள.”

“அப்ப மேல ஏறிப் போயி அவருகிட்டச் சொல்லிட்டு வாங்க.”

தங்கை எதற்கென்று தெரியாமல் சிரிப்பாள். நாள் முழுதும் திரி வைக்கும் சித்தி, தான் வைக்கும் திரி எரிந்து முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதை ஆண்டு முழுவதிலும் அங்கேதான் பார்த்தாள். ஆனால் அவள் அதிகமும் வானத்தைப் பார்க்கவில்லை என்பது என் நினைவு. வெளிச்சம் வரும்போதெல்லாம் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஊர் வளரத் தொடங்கியது. இரண்டு பேக்கரிகள் வந்தன. செல்போன் கடை, பணம் எடுக்கும் இயந்திரம், இருசக்கர வாகனம் விற்கும் கண்ணாடிக் கடை, நானூறு பேர் உட்காரக்கூடிய கல்யாண மகால், மஞ்சள் வேன்களோடு ஓர் ஆங்கிலப் பள்ளி எல்லாம் வந்தன. திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வாடகை கொடுக்க முடியாதவர்கள் மனை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் குடிவந்தார்கள். ஆண்கள் கூடுவதற்கு ஏற்கெனவே டீக்கடைப் பெஞ்சும் கண்மாய்க் கரையும் மதுக்கடையும் இருந்தன. பெண்கள் ஒருவரையொருவர் கம்பெனி வேனிலும் ரேஷன் வரிசையிலும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணவனும் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை விட்டால், அந்தக் கயிற்றுக்கு உள்ளே இருந்த கரிசல் காடுதான் இருந்தது.

அந்தக் காட்டுக்கு மேற்கே மனை போட்டார்கள். மஞ்சள் வண்ணம் அடித்த கற்களும், கொடிகளும், ஏதோ நகர் என்று பெயர் எழுதிய வளைவும் ஒரே வாரத்தில் முளைத்தன. விற்க வந்தவர் காட்டிய வரைபடத்தில் நடுவே பச்சை நிறத்தில் ஒரு கட்டம் இருந்தது. பூங்கா என்று எழுதியிருந்தது. வாங்கியவர்கள் யாரும் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கேட்டது முதல் வரிசை. “சாம்பிள் பாக்க இதவிட எடம் கெடைக்காது தாயி. மாடில நின்னீகன்னா கை எட்டுற தூரம்” என்று அவர் சித்தியிடம் சொன்னார். கயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்களிடம் அவர் அதையே சொல்லியிருக்கவேண்டும். தன் வீட்டு வாசலிலேயே சாம்பிள் விட்டால் சித்தப்பா எங்கேயும் போகமாட்டார் என்று சித்தி நினைத்தாள். சித்தப்பாவை அவள்தான் சம்மதிக்க வைத்தாள். முதல் வரிசையில் கிழக்குப் பார்த்த மனை. ஓராண்டில் வீடு எழுந்தது.

சித்தி கணக்கில் எடுக்க மறந்தது ஒன்றைத்தான். மொட்டைமாடிக்குப் போர்மேன் கிடையாது.

புதுவீட்டில் சாம்பிள் பார்த்த முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சித்தி மாடியைக் கழுவிவிட்டுக் கடலை வறுத்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் வெடி மேலே போன பிறகு சித்தப்பா படியேறி வந்தார். வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வானம் சிவந்தது, பச்சையானது. அவர் நிறம் எதையும் குறை சொல்லவில்லை. காற்றில் மது வாடை எங்கள் பக்கம் வந்தது. சித்தி எழுந்து அவரருகே போனாள்.

“அடுத்த வாரம் கீழ போயி பாப்போம். கயித்துக்கிட்ட இருந்தாத்தான் நல்லாத் தெரியும்.”

“வீட்டக் கட்டிட்டு, காட்டுல போயி உக்காரச் சொல்றியா?” என்றார் சித்தப்பா. அதில் கோபம் இல்லை. நியாயம்கூட இருந்தது.

மற்ற மாடிகளிலும் அப்படித்தான் நடந்தது. கயிற்றுக்குள் கூட்டம் குறைந்தது. பிறகு ஒரு மாலை, தாழ்வாக வெடித்த ஒன்றிலிருந்து ஒரு கங்கு வந்து இரண்டாவது வரிசையில் ஒரு வீட்டின் சோளத்தட்டைப் படப்பில் விழுந்தது. படப்பில் பாதி எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதிகாரிகள் வந்தார்கள். குழாய் நட்ட இடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தார்கள். அதோடு அங்கே சாம்பிள் விடுவது நின்றது. கம்பெனி தன் சுற்றுச்சுவருக்கு உள்ளே, ஓடைக்கு அப்பால், வெளியாட்கள் போக முடியாத இடத்துக்கு அதை மாற்றிக்கொண்டது. கேட்டருகே போர்மேனைக் கண்டு சித்தி பேசியபோது நான் உடனிருந்தேன்.

“மாசத்துக்கு ஒரு நாளாச்சும் இங்கன விடக் கூடாதா அண்ணாச்சி?”

“நீங்க வந்து வீட்டக் கட்டிட்டு எங்களக் கேட்டா எப்படித் தாயி? காடாக் கெடந்தவரைக்கும் விட்டோம். இப்ப நகருன்னு வளைவு வச்சிருக்கீக.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்ல அவுக சௌக்கியமா?” என்று கேட்டார். சித்தி, “சௌக்கியம் அண்ணாச்சி” என்றாள்.

சாம்பிளை நன்றாகப் பார்ப்பதற்காக வீட்டை அருகே கொண்டுபோனோம். அருகே போனதால் அது போய்விட்டது. எங்கள் மக்கள்தான் இப்படியொரு பிழையைச் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு.

சித்தி அடுத்த இடங்களைத் தேடினாள். சிவகாசியில் புதிதாகத் திறந்த பல மாடி ஜவுளிக்கடைக்கு எங்களைக் கூட்டிப்போனாள். தங்கை நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி ஏறினாள். சேலைகளை எடுத்துப் போட்டுக் காட்டிய பெண்ணிடம், “விசேசத்துக்கு நாள் இருக்கும்மா, சும்மா பாக்கோம்” என்று சொல்லும்போது சித்தியின் குரல் இறங்கும். சித்தப்பா மற்ற கணவன்மாரோடு வெளியே நின்றார். திரும்பிவந்து பார்த்தபோது அவர் அங்கே இல்லை. நாற்கர சாலையோரத்து உணவகத்தில் சறுக்குமரம் இருந்தது. சாப்பிடுகிறவர்களின் பிள்ளைகள் மட்டும் விளையாடலாம் என்று காவலாளி ஒருவர் அதன் பக்கத்திலேயே நின்றார். நாங்கள் மூவரும் டீ குடித்து முடிக்கும்வரை தங்கை சறுக்கினாள். டீயை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தோம்.

கடைசியாக விருதுநகர் ரயில் நிலையம். அந்த யோசனை சித்தப்பாவுடையது. அதனால் சித்தி அன்று மிகுந்த உற்சாகத்தோடு இருந்தாள். பிளாட்பார்ம் சீட்டு எடுத்துக்கொண்டு, நிழல் விழுந்த ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். எண்ணெய்ப் புரோட்டா பொட்டலத்தைப் பிரித்துத் தின்றோம். வண்டிகள் வந்தன, நின்றன, போயின. தங்கை எல்லா வண்டிகளுக்கும் கையசைத்தாள்; சில பெட்டிகளிலிருந்து யாரோ திருப்பி அசைத்தார்கள். சித்தப்பா வண்டியின் பெட்டிகளை அவளோடு சேர்ந்து எண்ணினார். நெடுநேரத்துக்குப் பிறகு கறுப்புக் கோட்டு அணிந்த பரிசோதகர் ஒருவர் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

“யார ஏத்திவிட வந்தீங்க?”

“யாரையும் இல்ல சார். சும்மாதான் உக்காந்திருக்கோம்” என்றாள் சித்தி.

“சும்மாவா?”

“சீட்டு எடுத்திருக்கோம் சார்.”

அவர் சீட்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சீட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்தார். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சித்தப்பா எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தார். “நம்மள லூசுன்னு நெனச்சிருப்பான்” என்றார். அதன் பிறகு பெட்டிகளை எண்ணவில்லை. சாத்தூர் வந்து இறங்கியபோது எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை. கம்பெனிகள் மூடியிருக்கும் நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நடையை நிறுத்திவிடுவார்கள். பேருந்து நிலையத்தில் சித்தப்பா, “ஒரு நிமிசம், இந்தா வந்துட்டேன்” என்றார். நாங்கள் ஆட்டோ பிடித்து வீடு வந்து, தங்கையைத் தூங்கவைத்த பிறகும் அவர் வரவில்லை. சித்தி அதற்கு மேல் எங்கேயும் கிளம்பவில்லை.

வரைபடத்தின் பச்சைக் கட்டம் அவள் நினைவுக்கு வந்தது அதன் பின்னர்தான். வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளி, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த அந்த இடத்தை அவள் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சூலக்கரையிலுள்ள கலெக்டர் ஆபீசுக்குக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போனாள். நான் அப்போது இளங்கலைத் தமிழ் சேர்ந்திருந்தேன். மனுவை எழுதியது நான். என்ன காரணம் எழுதுவது என்று கேட்டேன். சித்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தைகள் விளையாடவும் முதியோர் நடைபயிலவும் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். “சரி, அதையே எழுது” என்றாள். அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இடம் ஊராட்சி பேருக்கு வந்துடுச்சாம்மா?” என்று கேட்டார். சித்திக்குத் தெரியவில்லை. “மேப்புல பச்ச அடிச்சிருக்கு சார். அதத் தரையில போட்டுத் தாங்கன்னு கேக்கோம்” என்றாள். வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்த அலுவலகத்துக்கு அவள் பலமுறை போனாள். ஒவ்வொரு முறையும் கம்பெனியில் ஒரு நாள் கூலி போனது.

பூங்கா வந்தது. அதைச் சொல்லவேண்டும். மனுக்கள் வீணாகும் கதைகளையே நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். சித்தியின் மனு வீணாகவில்லை. முட்களை அகற்றி, ஆளுயரச் சுவர் எழுப்பி, சிமெண்ட் பெஞ்சும் இரண்டு ஊஞ்சலும் உடற்பயிற்சிக் கருவிகளும் ஒரு பெரிய விளக்கும் வைத்தார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். தங்கை சுடிதார் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஊஞ்சலில் ஏறினாள். சில வாரங்கள் குடும்பங்கள் வந்தன. சித்தப்பாவும் வந்தார், ஒரு கருவியில் ஏறி நின்று இடுப்பைத் திருப்பிக்கொண்டே, “நம்ம மெஷின விட இது லேசா ஓடுது” என்றார். சித்தி அன்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் அப்படிச் சிரித்துப் பிறகு நான் பார்த்ததில்லை. கோடையில் விளக்கு பழுதானது. சரிசெய்ய ஆள் வரவில்லை. சுவர் ஆளுயரம் என்பதால் சாலையில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. முதலில் இரண்டு பேர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு கூட்டாளிகள் வந்தார்கள். பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சித்தப்பாவுக்கும் அதுவே இடமாகிவிட்டது.

நாற்கர சாலைக்கு வண்டியில் போய்வரவேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போனது. சித்தி அதில் ஒரு நிம்மதி கண்டாள் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். “ரோட்டுல எங்கனயும் விழுந்து கெடப்பாகளோன்னு பயம் இல்ல. நடந்து வந்துருவாக” என்று அம்மாவிடம் சொன்னாள். ஞாயிறு மட்டும் என்பது மாறி, மற்ற மாலைகளும் சேர்ந்துகொண்டன. சித்தப்பாவின் கை நடுங்கத் தொடங்கியதும் மெஷினிலிருந்து இறக்கி, ஷீட் மடிக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள்.

நான் இப்போது மதுரையில் முதுகலை படிக்கிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிறு சித்தி வீட்டில் இருந்தேன். மதியத்துக்கு மேல் அவள் கோழி வாங்கிவந்து குழம்பு வைத்தாள். சோற்றை வடித்து, அடுக்குச் சட்டியில் நிரப்பி, தட்டுகளைத் துண்டில் கட்டினாள். வெயில் தாழ்ந்ததும், “வாங்க, பார்க்குக்குப் போவோம்” என்றாள்.

தங்கைக்கு இப்போது எல்லாம் தெரியும் வயது. “அங்கன யாரும் போகமாட்டாகம்மா” என்றாள்.

“நம்ம அப்பா போயிருக்காகள்ல?”

நாங்கள் போனோம். மூலையில், ஊஞ்சல் சங்கிலிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த இடத்தருகே, ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா சுவரில் சாய்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் ஒருவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்தார். சித்தி அவர்களுக்கு இரண்டு எட்டு தள்ளி ஒரு பழைய போர்வையை விரித்தாள். உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்த பிறகு தங்கையை உட்காரச் சொன்னாள். தட்டுகளை வைத்தாள். பிறகு, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பதுபோல, அவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

“நீங்களும் வாங்கண்ணே. கொழம்பு எல்லாத்துக்கும் இருக்கு.”

“இல்ல தங்கச்சி, வீட்ல ஆக்கி வச்சிருப்பாக.”

“அப்ப அவுகளையும் சட்டியோட கூட்டிட்டு வாங்க. எடம்தான் இம்புட்டுக் கெடக்கே.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் செருப்பைத் தேடினார். இன்னொருவர் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். “மாப்ள, நாளைக்குப் பாப்போம்” என்று ஒருவர் சித்தப்பாவின் தோளைத் தட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பக்கத்திலுள்ள கண்மாய்க் கரைக்கு இடம் மாறியிருப்பார்கள்; சித்தப்பாவும் எழுந்து பின்னாலேயே போவார் என்று நான் எதிர்பார்த்தேன். சித்தியும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்பது, அவர் தட்டில் சோறு போடாமல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. சித்தப்பா வெகுநேரம் வாசலைப் பார்த்தார். பிறகு கைகளை ஊன்றி, உட்கார்ந்தவாறே நகர்ந்து போர்வைக்கு வந்தார்.

சித்தி சோறு போட்டாள். அவர் பிசைந்தார், பாதி சிந்தியது. தங்கை தலை நிமிராமல் சாப்பிட்டாள். எனக்கு அழுகையோ ஆறுதலோ வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இது நடக்குமா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. “உப்பு சரியா இருக்கா?” என்று சித்தி கேட்டாள். “இருக்கு” என்றார் சித்தப்பா. அன்றைக்கு அவர்கள் பேசியது அதுதான்.

இருட்டத் தொடங்கியபோது முதல் வரிசையில் குடியிருக்கும் ஒரு பெண், பால் வாங்கிக்கொண்டு வாசலைக் கடந்தவள், நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். போர்வையையும் தட்டுகளையும் எங்கள் நால்வரையும் பார்த்தாள்.

“என்னக்கா, எல்லாருமா இங்கன?”

சித்தி சித்தப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

“ஞாயித்துக்கெழமல்ல. குடும்பத்தோட சும்மா வெளிய வந்தோம்” என்றாள்.